தலைக்கட்டு வரியும் தார்ச்சாலையும்

ஊருக்குத் தார்ச்சாலை வந்தால் "கவர்மென்ட் குடுத்திருக்கு" என்கிறோம். கோயிலுக்கு வெண்கல மணி வந்தால் மட்டும், யார் உபயம், எத்தனை கிலோ, எந்தப் பட்டறையில் வார்த்தது, பழைய மணியை என்ன விலைக்குப் போட்டீர்கள் என்று நாலு பேர் கேட்கிறார்கள். இரண்டும் நம் காசுதான். சாமி முன்னால் திறக்கிற வாய் சர்க்கார் முன்னால் ஏன் மூடிக்கொள்கிறது? அரசியல் கேள்வி என்று பலரும் இதை ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இது பக்தியைப் பற்றிய கேள்வி. அருளை எங்கே எதிர்பார்ப்பது, கணக்கை எங்கே கேட்பது என்கிற விவேகம் நம்மிடம் இடம் மாறிக் கிடக்கிறது.

நான் பிறந்தது மேகமலையில், மணலாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அப்பா கணக்கப்பிள்ளை. விடிகாலைப் பெரட்டில் பேர் போடுவதும், சாயங்காலம் கொழுந்து நிறுத்துச் செக்ரோலில் ஏற்றுவதும் அவர் வேலை. பாதை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில் எல்லாமே தோட்டம் போட்டுக் கொடுத்தவை. ஒரு டிவிஷனுக்கு ஓடைப்பாலம் வரும். பக்கத்து டிவிஷன் பிள்ளைகள் அடைமழைக் காலத்தில் வீட்டிலேயே கிடப்பார்கள். ஏன் என்று கேட்டால் அப்பா, "தொரை மனசு வைக்கணும்டா" என்பார். மழை பெய்யச் சாமி மனசு வைக்க வேண்டும் என்று அம்மா சொல்வதும் அதே குரலில்தான். இன்று சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்டி ஏறினால் நல்ல தார்ச்சாலை. 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். துரைகள் போய்விட்டார்கள். அப்பாவின் குரல் போகவில்லை. தாலுகா ஆபீஸ் வராந்தாவில், கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையில், மனுவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் அதைத்தான் கேட்கிறேன்.

இப்போது அடிவாரத்தில் இருக்கிறேன். ஊர்க் காளியம்மன் கோயில் கணக்கை எழுதுவது என் பொறுப்பு. திருவிழாவுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டு வரியை முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் முதலில் வருவது வரித்தொகை அல்ல. எதற்குச் செலவு என்பதுதான் முதல் பேச்சு. சப்பரத்துக்குச் சக்கரம் மாற்றுவதா, நாடகம் வைப்பதா என்று ஒரு வருஷம் ஆண்கள் வெகுநேரம் வாதாடிக் கொண்டிருந்தார்கள். ஓரமாய் நின்ற ஒரு அம்மா, "மடப்பள்ளி ஓடு ஒழுகுது. உள்ள நின்னு பொங்குறவளுக்குத்தான தெரியும்" என்றார். அதோடு சக்கரமும் நாடகமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயின. மடப்பள்ளி வேலை ஏன் எடுக்கப்பட்டது, சக்கரம் ஏன் தள்ளிப் போனது என்று நோட்டில் எழுதினேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடியும்.

திருவிழா முடிந்து எட்டாம் நாள் கணக்கு வாசிப்பு. செலவுச் சீட்டுகளைத் தாம்பாளத்தில் அடுக்கி அம்மன் முன்னால் வைப்போம். பூக்காரர் சீட்டில் தேதி இல்லை என்றால் கேட்பார்கள். மைக்செட் வாடகை போன வருஷத்தைவிட ஏன் கூடுதல் என்று கேட்பார்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் சூடத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இதை யாரும் அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை. சன்னதியில் நின்று கணக்குக் கேட்பது பக்திக் குறைவு என்று பூசாரி ஒரு நாளும் சொன்னதில்லை.

அறத்தில் மறைவுக்கு உயர்ந்த இடம் உண்டு என்பது எனக்குத் தெரியும். தருமம் செய்வதை ஊரார் பார்க்கச் செய்யாதீர்கள் என்பது இயேசுவின் மலைப்பொழிவில் உள்ள போதனை. மறைவாகத் தரும் சதக்காவை மேலானதாகச் சொல்கிறது இஸ்லாம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவனை நம் கிழவிகளும் மதிப்பதில்லை. இவை எல்லாம் சொந்தக் காசைப் பற்றியவை. நம் காசைக் கொடுக்கும்போது மறைத்தால் கர்வம் அழிகிறது. ஊரார் காசைக் கையாளும்போது மறைத்தால், கொடுத்தவனே தன் காசு போன இடத்தை அறியாமல் இருக்கிறான். ஒரே செயல்தான். முதலில் சொன்னது துறவு, அடுத்தது அபகரிப்பு. ஒரு பைசா கூடத் திருடாமல் மறைத்தாலும் அது அபகரிப்புதான் என்பேன். எதற்குச் செலவு செய்வது என்று யோசிக்கும் உரிமையை அது ஊரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

நம் முன்னோர் இதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அவற்றைக் கொண்டாடுகிறோம். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது. அவன் நெருங்கிய உறவினர்களுக்கும் தகுதி இல்லை. இதை ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டாமல், கோயிலுக்கு வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைத்தார்கள். எங்கள் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளும் நில தானத்தை நாடறியப் பதிந்து வைத்த ஆவணங்களே. ராஜாவே கொடுத்தாலும் எதைக் கொடுத்தான், யாருக்குக் கொடுத்தான் என்று எழுத்தில் நிற்க வேண்டும் என்கிற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது.

சரி, தெய்வம் தருவதற்குக் காரணம் கேட்கலாமா? வைணவத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. பகவானுடைய கிருபைக்கு எந்தக் காரணமும் தேவையில்லை, அது நிர்ஹேதுகம் என்பது பிள்ளை லோகாச்சாரியார் வழி. ஜீவனிடம் ஒரு சிறு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது, இருக்க வேண்டும் என்றார் வேதாந்த தேசிகர். தென்கலை வடகலை என்று பிரிந்து நின்றவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக வாதிட்டார்கள். நான் பிள்ளை லோகாச்சாரியார் பக்கம் சாய்கிறவன். தகுதி பார்த்துக் கொடுத்தால் அது கூலி. கருணை கேள்விக்கு அப்பாற்பட்டது என்று முழு மனதோடு நம்புகிறேன். அதனால்தான் அந்தச் சலுகையை வேறு எவருக்கும் தர எனக்கு மனம் வரவில்லை. காரணமில்லாமல் கொடுக்கவும், காரணமில்லாமல் மறுக்கவும் உரிமையுள்ளவன் ஒருவன்தான். ஒரு அரசாங்கத்துக்கு அந்த உரிமையைக் கொடுத்து, அது போட்ட சாலையைப் பிரசாதம் போல வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, சாமிக்குரிய இடத்தில் வேறொன்றை உட்கார வைப்பதாகும். இதை ஒரு பக்தனாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் நடந்ததைப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தேவாரத்துக்குப் பின்னால் போடி மேற்கு மலை தெரியும். அங்கே பொட்டிபுரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பதாகத் திட்டம். நியூட்ரினோ எதையும் துளைத்துப் போகும் நுண்துகள். மற்றக் கதிர்களை வடிகட்டி அதை மட்டும் பிடிக்க, சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும். கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் இரும்பில் ஒரு கருவி. 2015 புத்தாண்டை ஒட்டி மத்திய அமைச்சரவையின் ஒப்புதலாகச் செய்தி வந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய்.

இந்த ஆய்வுக்கு நான் எதிரியல்ல. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-ல் நம் விஞ்ஞானிகளும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள் என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கதிர்வீச்சு வந்து ஊரே அழியும் என்று பரவிய பேச்சையும் நான் நம்பவில்லை. என் கேள்வி வேறு. இந்த மலையை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

முதலில் பார்த்தது நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் என்று 2009-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. சுருளி அருவிப் பக்கம் போகலாமே என்று அமைச்சகமே யோசனை சொன்னது. அதாவது எங்கள் மேகமலைக் காட்டின் ஓரம். அங்கே அடர்ந்த காடு, மரங்களை வெட்ட வேண்டிவரும் என்பதால் அதையும் விட்டுப் பொட்டிபுரத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் காரணம் இருந்தது. நல்ல காரணங்கள்தான். அவை டெல்லிக்கும் மும்பைக்கும் நடுவே கடிதங்களில் ஓடிக்கொண்டிருந்தன. சுருளிக்காரருக்குத் தங்கள் பெயர் பட்டியலில் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. பொட்டிபுரத்துக்காரரிடம் விஞ்ஞானிகள் வந்து பேசினார்கள், விளக்கினார்கள். இடம் முடிவான பிறகு வந்தார்கள். முடிவுக்கு முன்னால் வருவது கலந்து பேசுதல். பின்னால் வருவது, எவ்வளவு அன்பாகப் பேசினாலும், சமாதானம் சொல்லுதல்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் திட்டங்களை வகை பிரித்திருக்கிறார்கள். கட்டடங்கள் என்று ஒரு வகை, 8(அ). அடுக்குமாடி, வணிக வளாகம் போன்றவை அதில் வரும். அந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. மலையைக் குடையும் இந்த ஆய்வகத்தைக் கொண்டுபோய் அந்த வகையில்தான் சேர்த்தார்கள். 2017 மார்ச்சில், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் காட்டிப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தியது. 2018 மார்ச்சில், தனி நேர்வு என்று சொல்லி, அதே கட்டட வகையின் கீழ் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. சட்டப்படி இது செல்லுமா என்பதை வக்கீல்கள் பேசட்டும். ஒரு மலைக்குக் கட்டடம் என்று பெயர் வைத்ததால், அதன் அடியில் ஆடு மேய்ப்பவரின் வாய் அடைபட்டது. அம்பரப்பரைச் சாமியாகக் கும்பிடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம் என்று ஒரு அட்டவணை முடிவு செய்துவிட்டது. யாரும் லஞ்சம் வாங்கவில்லை. பொய் சொன்னதாகவும் நான் சொல்லவில்லை. இருந்தும் இதில் அறம் இல்லை.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியில், புலிகளின் வழித்தடத்தைச் சுட்டிக்காட்டி, இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. எதிர்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். என்னால் முழுதாக மகிழ முடியவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பெரிய ஆய்வு இத்தனை ஆண்டு வழக்கில் கரைந்தது. முதல் நாளே எல்லாவற்றையும் விரித்து வைத்துக் கேட்டிருந்தால், ஆம் என்றோ இல்லை என்றோ சீக்கிரம் தெரிந்திருக்கும். "கேட்டுக்கிட்டே இருந்தா எந்த வேலையும் நடக்காது" என்பவர்களுக்கு என் பதில் இதுதான். கேட்காததால் நின்ற வேலை கண்ணெதிரே இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும். "பென்னிகுயிக் கிராம சபை கூட்டியா அணை கட்டுனாரு?" கம்பம் பள்ளத்தாக்கில் இதைக் கேட்காமல் எந்த வாதமும் முடிவதில்லை. எங்கள் வீட்டிலும் அவர் படம் இருக்கிறது. ஜனவரி 15 அன்று அவருக்குப் பொங்கல் வைக்கிறவர்களில் நானும் ஒருவன். சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார் என்ற கதையை இங்கே பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டுகிறோம். அரசாங்கம் கைவிட்டாலும் ஒரு மகான் கைக்காசைப் போட்டுக் காப்பாற்றுவார் என்பது எவ்வளவு ஆறுதலான கதை! அதற்குள் இருப்பதும் அருளின் ஏக்கம்தான். ஆவணத்தில் இருப்பது 1886 அக்டோபர் ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், 999 வருஷம். கையெழுத்திட்டவை திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் அரசும். அந்தப் பக்கத்து மக்களையும் கேட்கவில்லை, இந்தப் பக்கத்து மக்களையும் கேட்கவில்லை. நமக்கு அது சோறு போட்டது. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் இருப்பவர்கள் எங்களை யார் கேட்டார்கள் என்று இன்றும் கேட்கிறார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டம் 142 அடி என்று தீர்ப்பளித்த பிறகும் அது ஓயவில்லை. நன்மை விளைந்துவிட்டதால் முடிவெடுத்த முறை சரியாகிவிடாது என்பதற்கு, நான் கும்பிடுகிற அணையையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

தமிழ்நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. தகவல் உரிமைக்கு மத்திய சட்டம் வருவதற்கு முன்பே, 1997-ல் நம் மாநிலம் சட்டம் போட்டது. 1998-ல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் வந்தது. ஆனால் டெண்டர் சட்டம் பேசுவது யாரிடம் வேலையைக் கொடுப்பது என்பதைப் பற்றி. எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்பது அதற்கு முந்தைய இருட்டில் முடிந்துவிடுகிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையில் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். வருஷா வருஷம் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது ரயில்வேயின் புத்தகத்தில் அச்சாகித்தான் வந்தது. ஏன் அவ்வளவு குறைவு, நம் பங்கு எந்தப் பாதைக்குப் போனது என்று அதில் எழுதவில்லை. தொகையைத் தெரிவிப்பது பாதி வெளிப்படைதான்.

கூடலூருக்கு மேலே எல்லை முகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்தில் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறப்பார்கள். குமுளிப் பக்கமிருந்து ஜீப் போகும். பளியன்குடி வழியே ஏறுகிற நாங்கள் மூச்சு வாங்க நடப்போம். ஏறும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். பாண்டியன் கொடுங்கோலன் அல்ல. பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரிக்காமல் ஒரு முடிவெடுத்தான், அவ்வளவுதான். பிறகு சபையில் எல்லோர் கண் முன்னாலும் சிலம்பு உடைந்தது. முத்து இல்லை, மாணிக்கம். அவன் ஆள் அனுப்பிப் பரலைப் பொறுக்கி மறைக்கவில்லை, தீர்ப்பைத் தன் மேல் எடுத்துக்கொண்டான். நாம் மலையேறிக் கும்பிடும் தெய்வம், அரண்மனை வாசலில் நின்று காரணம் கேட்ட ஒரு பெண். அவளுக்குப் பொங்கல் வைத்துவிட்டு இறங்கி வந்து, நாம் மட்டும் காரணம் கேட்காமல் இருப்பது எந்த வழிபாட்டில் சேரும்? தமிழகப் பக்கத்துப் பாதையைச் சீராக்க வேண்டும் என்ற கோரிக்கை வெகுகாலமாக இருக்கிறது. அது காடு, புலியும் யானையும் நடமாடும் இடம். போட முடியாது என்றால் நான் ஏற்பேன். முடியாது என்பதையும் காரணத்தையும் எழுத்தில் தரட்டும்.

நான் போன ஒரு கிராம சபையில், ஊர்ப் பெயர் வேண்டாம், கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. சிமெண்ட் சாலை நன்றாக இருக்கிற தெருவுக்கு அதன் மேலேயே பேவர் பிளாக் என்று பட்டியலில் இருந்தது. சாக்கடை இல்லாத தெருவின் பெயரே இல்லை. ஒரு பாட்டி எழுந்து கேட்டதற்கு, "எஸ்டிமேட் மேலருந்து வந்துருச்சு, ஆத்தா" என்று பதில். மேலே என்று அவர் கை காட்டிய திசையில் நானும் பார்த்தேன், மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டி உட்கார்ந்துவிட்டார். மடப்பள்ளி ஓட்டுக்காகக் காளியம்மன் முன்னால் பேச முடிந்த ஊர்களில் இப்படி ஒருத்தி உட்கார வேண்டியதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அதன் விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுகிறவர்களுக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்டால்தான் தருவோம் என்று அதில் இல்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பட்டியலில் ஒரு வேலை ஏன் இருக்கிறது, இன்னொன்று ஏன் இல்லை, பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.